பொங்கிய தேனை என்ன செய்வது?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி அருகே தென்னந்தோப்பில் 4 பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்த்து வருகிறேன். மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், தேனடையின் அறைகளைத் தேனீக்கள் மெழுகால் மூடும் முன்பே எடுத்த 2 கிலோ தேன், 3 வாரத்தில் வெண்ணுரை கட்டி, மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று கிளம்ப, சுண்ணாம்பு தடவாத கலயத்துப் பதநீர் போலப் புளித்து மணக்கிறது. மூடாத அறைத் தேனில் நீர்ச்சத்து அதிகம், அது 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனிலுள்ள ஈஸ்டே அதைப் புளிக்கவைக்கும் என்பதை அறிவேன், தவறு என்னுடையதுதான்.

கடலோர ஈரக்காற்றில் தேன் எடுக்கும் அன்பர்கள், அதைக் கொதிக்கவிடாமல் 40 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குள் வைத்து நீரைக் குறைத்திருந்தால், எத்தனை மணி நேரம் வைத்தீர்கள், ரிஃப்ராக்டோமீட்டரில் (தேனின் நீர்ச்சத்தைக் காட்டும் கருவி) எந்த அளவு வந்ததும் புட்டியில் அடைத்தீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். புளித்த தேன் தேனீக்களுக்குக் கேடு என்பதால் பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. அதைக் காடியாக (வினிகராக) மாற்றும் முறை தெரிந்தவர்கள் அதையும் சொல்லுங்கள்.