[கலைச்சொல்] ‘ரெஸ்பான்சிவ்’ டெண்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

கொருக்கை டீச்சர், செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெரு நூலக மாடியில் ஒரு வகுப்பு எடுக்கிறேன். வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பட்டறைக்காரர்கள், சீருடை தைக்கும் இரண்டு மகளிர் குழுக்கள், கேட்டரிங் நடத்தும் ஓர் அக்கா எல்லாரும் வருகிறார்கள். அரசு எப்படிப் பொருள் வாங்குகிறது, ஆர்டர் யாருக்கு ஏன் போகிறது என்பதுதான் பாடம். கையேடு எட்டுப் பக்கம். வெள்ளிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும்.

ஏழு பக்கம் முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல் வழியை மறிக்கிறது. டெண்டரைத் திறந்ததும் விலையைப் பார்ப்பதில்லை. கேட்ட தாளெல்லாம் வந்திருக்கிறதா, முன்வைப்புத் தொகை (டெண்டரோடு ஈடாகக் கட்டும் பணம்) அல்லது அதற்கான விலக்குச் சான்று உண்டா, கையெழுத்து இருக்கிறதா, நிபந்தனைகளை அப்படியே ஒத்துக்கொண்டிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். இதில் தேறியதுதான் ‘ரெஸ்பான்சிவ்’. தாள்களும் விலையும் தனித்தனிக் கவரில் வரும் இரண்டு கவர் முறை என்றால் தேறாதவருடைய விலைக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். தேறியவற்றுக்குள் விலை குறைந்ததுதான் எல்-1.

வகுப்பில் பாதிப் பேர், “குறைச்சலாப் போட்டா நமக்குத்தான் மிஸ்” என்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. ‘பதிலளிக்கும் ஒப்பந்தப்புள்ளி’ என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. உதவுங்கள்.

தனித்தமிழ்த் தம்பி, செவ்வாய் இரவு

டீச்சர், முதலில் தலைப்பில் இருக்கும் ‘டெண்டரை’ எடுங்கள். ‘ஒப்பந்தம்’ மட்டும் என்ன, அதற்குள்ளும் ஒரு ‘பந்தம்’ உட்கார்ந்திருப்பதாக எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். ‘ஒப்புப்புள்ளி’ போதும். நீங்கள் கேட்டதற்கு என் விடை: தகுபுள்ளி. வினைத்தொகை, சுருக்கம், மூன்று காலத்துக்கும் பொருந்தும்.

அரசாணை அக்கா, புதன் காலை

தம்பி, சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நான் கோப்பு மொழிபெயர்ப்பில் பல வருஷம் இருந்தவள். ‘தகுதி’ என்பது டெண்டர் போடுகிற ஆளைப் பற்றியது: இத்தனை வருட அனுபவம், இவ்வளவு விற்றுமுதல், கருப்புப் பட்டியலில் பெயர் இல்லை என்பது மாதிரி. டீச்சர் கேட்பது ஆளைப் பற்றி அல்ல, அவர் கொடுத்த தாளைப் பற்றி. எல்லாத் தகுதியும் உள்ளவர் அரைகுறையாக ஒரு டெண்டர் போடலாம். இரண்டுக்கும் ‘தகு’ என்று வைத்தால் கையேடு குழம்பிவிடும்.

‘செல்லத்தக்க’ என்று யாராவது சொல்லும் முன்பே சொல்லிவிடுகிறேன். அதுவும் போய்விட்டது. விலை 90 நாள் செல்லும் என்று எழுதித் தருகிறோமே, அது செல்லுபடிக் காலம். ‘ஏற்கத்தக்க’ என்பதும் ஆகாது. ‘ஏற்பு’ என்றால் கடைசியில் வரும் ஏற்புக் கடிதம். முதல் படியிலேயே ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதினால் ஆர்டர் கிடைத்துவிட்டதாக நினைத்து இரும்பு வாங்கிப் போட்டுவிடுவார்கள்.

வியாசை லேத், புதன் மதியம்

அக்கா சொன்னது சரி. நான் இலக்கணம் பேசப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்னால் ஓர் அலுவலகத்துக்கு இரும்பு பிராக்கெட் செய்து கொடுக்க டெண்டர் போட்டேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விலையில் நான்தான் கீழே, அடுத்தவரைவிட ஒரு பிராக்கெட்டுக்கு 40 ரூபாய் குறைவு. ஆனால் ஆர்டர் எனக்கு வரவில்லை. ‘நான்-ரெஸ்பான்சிவ்’ என்று ஒரு வரி வந்தது. ஃபோனை எடுக்காமல் விட்டேனோ என்று கால் லிஸ்டையெல்லாம் புரட்டினேன்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் என் தாள்களை வாங்கிப் பார்த்துவிட்டு லெட்டர்பேடின் அடியைக் காட்டினார். பிரிண்டிங் பிரஸ்காரர் எல்லாருக்கும் போடுகிற மாதிரி எனக்கும் பொடி எழுத்தில் போட்டிருந்தார்: ‘விலைகள் முன்னறிவிப்பின்றி மாறுதலுக்கு உட்பட்டவை’. விலை எழுதிய தாளும் அதே லெட்டர்பேடுதான். நிலையான விலை கேட்டவனிடம், விலை மாறும் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அதனால் டீச்சர், பட்டறையில் நிற்பவனுக்கு அந்த இடத்திலேயே உறைக்கிற சொல்லாக வையுங்கள். நாங்கள் ஃபிட்டிங் பார்க்கும்போது ‘பொருந்துது, பொருந்தல’ என்போம். அது போதாதா?

ஒற்றியூரான், புதன் இரவு

அன்பர்களே, ஆயிரம் ஆண்டாகச் சொல் கையில் இருக்கும்போது ஏன் கடை கடையாக அலைய வேண்டும்? டெண்டர் என்பது என்ன? வாங்குபவர் வினவுகிறார், விற்பவர் விடை சொல்கிறார். ‘செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்’ என்று தொல்காப்பியம் அன்றே விதித்துவிட்டது. நன்னூலார் விடையை ‘இறை’ என்பார், எட்டு வகை சொல்வார். சுட்டு (காட்டிச் சொல்வது), மறை (மறுப்பது), நேர் (உடன்படுவது) என்ற மூன்றும் நேரடி விடை, அதாவது செவ்வன் இறை. மற்ற ஐந்தும் சுற்றி வளைப்பவை.

லேத்துத் தம்பியின் கதையையே எடுங்கள். ‘இந்த விலைக்குத் தருவாயா?’ என்றதற்கு ‘விலை மாறும்’ என்றார். அது உறுவது கூறல். ‘ஜிஎஸ்டி பதிவு உண்டா?’ என்றால் ‘போன வாரம் விண்ணப்பித்தோம்’ என்பார்கள். அது உற்றது உரைத்தல். ‘சோதனைச் சான்றிதழ் எங்கே?’ என்றால் ‘நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். அது ஏவல். தள்ளுபடியான டெண்டர்களைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றுக்கும் நன்னூலில் இடம் காட்டுகிறேன்.

ஆகவே: செவ்விறைப் புள்ளி.

அரசாணை அக்கா, புதன் இரவு

ஐயா, ரசித்தேன். ஆனால் ‘மறை’யும் செவ்வன் இறைதானே? ‘ஜிஎஸ்டி பதிவு உண்டா?’ என்ற கேள்விக்கு ஒருவர் நேர்மையாக ‘இல்லை’ என்று எழுதுகிறார். நன்னூலில் தேறிவிடுவார். டெண்டரில் தேறுவாரா?

வியாசை லேத், புதன் இரவு

இறை என்றால் எங்களுக்கு ஒன்று சாமி, இல்லாவிட்டால் வரி. செவ்விறைப் புள்ளி என்றால் ஜிஎஸ்டியில் புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று ஆடிட்டருக்கு ஃபோன் போடுவோம்.

ஒற்றியூரான், வியாழன் விடியல்

அக்காவின் தடை வலுவானது. இரவெல்லாம் யோசித்தேன். ‘மறை’யை நீக்கி ‘நேர்’ மட்டும் கொண்டால் நேரிறைப் புள்ளி. குற்றம் தீர்ந்தது.

இன்னொன்று. முன்வைப்புத் தொகைக்கு எங்கள் ஊரான திருவொற்றியூரின் பெயரிலேயே சொல் இருக்கிறது. ஒற்றி என்றால் ஈடு. வாக்குக்கு ஈடாக வைக்கும் பணம் ஒற்றிப்பணம். சுந்தரர் சங்கிலியாரிடம் மகிழமரத்தடியில் பிரியேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஊரைத் தாண்டினார், கண் போயிற்று. டெண்டரில் பின்வாங்கியவரின் முன்வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உலகத்தில் எங்கே இருக்கிறது?

தனித்தமிழ்த் தம்பி, வியாழன் காலை

ஐயா, ஒற்றி அருமை! அப்படியானால் ஒப்புப்புள்ளித் தாளுக்கு ஓலை என்று வைக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, குடவோலையில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கத் தகுதி விதி உண்டு: வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும் அவர் உறவினர் பெயரையும் குடத்துக்குள் போடவே மாட்டார்கள். இதுதான் கருப்புப் பட்டியல்!

கொருக்கை டீச்சர், வியாழன் காலை

தம்பி, அது ஆளைத் தேர்ந்தெடுத்த கதை, குடத்திலிருந்து ஒரு குழந்தை எடுத்த ஓலைக்கு விலை ஏது? ஆனால் கணக்குக் காட்டாதவரின் மச்சானையும் தள்ளிவைத்ததை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். உறவுக்காரர் பெயரில் மறுபடி டெண்டர் போடுவது இன்றும் நடப்பதுதான்.

நமக்கு ஒரு நாள்தான் இருக்கிறது. நேற்று ‘இணக்கப் புள்ளி’ என்று ஒன்றை யோசித்து, தையல் குழுவில் ஓர் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். “அதான் மிஸ், ஆபீஸ்ல இணக்கமா இருக்கறவங்களுக்குத்தானே குடுப்பாங்க” என்றார். இணக்கத்தை அங்கேயே கைவிட்டேன். ‘புள்ளி’ என்றதும் “பெரும்புள்ளியா?” என்று வேறு கேட்டார்.

அரசாணை அக்கா, வியாழன் மதியம்

எனக்கு ‘பொருந்து’ பிடித்திருக்கிறது, ஒரு சிக்கலைத் தவிர. லேத்தில் பொருந்தும், பொருந்தாது என்று இரண்டுதான். டெண்டரில் நடுவே ஒன்று இருக்கிறது. ஆவணங்களில் ‘சப்ஸ்டான்ஷியலி ரெஸ்பான்சிவ்’ என்றிருக்கும். அதாவது உயிரான நிபந்தனையில் குறை இருந்தால் தள்ளுபடி, ஓரத்து நிபந்தனையில் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். 1991-இல் உச்ச நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்கு: வாரணாசி டீசல் எஞ்சின் தொழிற்சாலை பழைய இரும்பு விற்றது. முன்வைப்புத் தொகை ரொக்கமாக அல்லது பாரத ஸ்டேட் வங்கி டிமாண்ட் டிராஃப்டாக வேண்டும் என்றது. ஒருவர் வேறொரு வங்கி தன் கிளையின் மேலேயே எழுதிய காசோலையை வைத்தார். பணத்துக்கு உறுதி இருக்கிறது, வங்கி எது என்பது ஓரத்து நிபந்தனை, அதைத் தளர்த்தலாம் என்று தீர்ப்பு.

ஆனால் லேத்துத் தம்பியின் பொடி எழுத்து ஓரத்தில் இருந்தாலும் உயிரைத் தொட்டது. விலையே மாறும் என்றால் யாரோடு யாரை ஒப்பிடுவது? ஆகவே ‘போதிய பொருத்தம்’ என்று ஒரு கிளைச்சொல்லும் வேண்டும்.

வியாசை லேத், வியாழன் மதியம்

பத்துப் பொருத்தத்தில் ஏழு இருந்தால் கல்யாணம் பண்ணலாம் என்பார்களே, அந்த மாதிரியா?

அரசாணை அக்கா, வியாழன் மதியம்

அதே. ரஜ்ஜு இல்லாவிட்டால் நிறுத்திவிடுவார்கள் இல்லையா, விலை நிபந்தனைதான் ரஜ்ஜு.

தனித்தமிழ்த் தம்பி, வியாழன் மாலை

‘ரஜ்ஜு’ வடசொல் என்பதைப் பதிவு செய்கிறேன். மற்றபடி பொருந்துபுள்ளிக்கு என் ஓட்டு. எதிர்ச்சொல் பொருந்தாப் புள்ளி. முன்னது வினைத்தொகை, வலி மிகாது. பின்னது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும். ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் முன் அந்த ‘ப்’பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

கொருக்கை டீச்சர், வியாழன் இரவு

நன்றி தம்பி. கையேட்டில் அந்தப் பத்தி இப்போது இப்படி இருக்கிறது, யாராவது பார்த்துச் சொல்லுங்கள்:

‘டெண்டரில் கேட்டபடி எல்லாம் கொடுத்து, கேட்டபடி எல்லாம் ஒத்துக்கொண்டால் அது பொருந்துபுள்ளி. பொருந்தாப் புள்ளியின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் கணக்கில் வராது. பொருந்துபுள்ளிகளில் விலை குறைந்ததே எல்-1. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) போன்ற மத்திய அரசு வாங்குநர்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தை நுண், சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று ஆணை உண்டு (2012-இல் வந்தபோது 20 சதவீதம், 2019 முதல் 25). அந்த 25-க்குள் 3 சதவீதம் பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கு. எல்-1 நுண், சிறு நிறுவனமாக இல்லாமல், உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், எல்-1 விலைக்கு இறங்கிவரச் சம்மதித்து ஒரு பங்கு பெற வழியுண்டு. ஆனால் உங்களுடையது பொருந்துபுள்ளியாக இருந்தால்தான் அந்தப் பேச்சே.’

ஒற்றியூரான், வியாழன் இரவு

பத்தி நன்று. சொல் நன்றன்று. பொருந்துதல் இரு பொருள்களுக்கு இடையே நிகழ்வது, அதில் வினாவும் இல்லை விடையும் இல்லை. மூலச்சொல்லில் உள்ள ‘பதில்’ என்ற உயிர் போய்விட்டது. என் மாற்றுக் கருத்தை அடிக்குறிப்பிலாவது சேர்க்க வேண்டுகிறேன்.

கொருக்கை டீச்சர், வெள்ளி காலை

ஐயா, எட்டாம் பக்கத்தில் இரண்டு வரி இடம் இருக்கிறது. நேரிறைப் புள்ளியையும் சுந்தரரையும் சேர்த்துப் போட்டால் ஒன்பதாம் பக்கம் போகிறது, பக்கத்துக்கு ஒரு ரூபாய். சுந்தரரை வாயால் சொல்லிவிடுகிறேன்.

கொருக்கை டீச்சர், ஞாயிறு

வகுப்பு முடிந்தது. பொருந்துபுள்ளியைப் பலகையில் எழுதினேன், எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் ஒருவர் எழுந்து, “மிஸ், அப்போ கேட்டபடி இல்லாத டெண்டரை…” என்று ஆரம்பித்தார். அதன் பிறகு வகுப்பு முழுக்க ‘கேட்டபடி டெண்டர்’, ‘கேட்டபடி இல்லாத டெண்டர்’தான். பலகையில் எழுதியதை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. இடைவேளையில் கேட்டரிங் அக்கா பையைத் திறந்து தன் லெட்டர்பேடைத் தேடி எடுத்து அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்த்தார். அவருடையதிலும் அந்த வரி இருந்தது.

ஒற்றியூரான், ஞாயிறு இரவு

‘கேட்டபடி’! வினாவுக்கு நேர்ந்த விடை என்று நான் சொன்னதைத்தான் உங்கள் மாணவர்கள் சொல்கிறார்கள். ஆக நேரிறை தோற்கவில்லை.

தனித்தமிழ்த் தம்பி, ஞாயிறு இரவு

ஆனால் கூடவே ‘டெண்டர்’ வருகிறதே ஐயா.

அரசாணை அக்கா, திங்கள் காலை

டீச்சர், அடுத்த பதிப்புக்கு முன் இன்னொன்று. டெண்டர் வெளியான பிறகு திருத்தம் போடுவார்களே, ‘காரிஜெண்டம்’. கையேட்டில் அதை அப்படியே விட்டிருக்கிறீர்கள். பிழைதிருத்தம் என்று வைக்கலாமா? பாதி நேரம் அது பிழையைத் திருத்துவதில்லை, கடைசித் தேதியைத் தள்ளிவைப்பதுதான்.