ஏற்காட்டுப் பங்களாவில் விற்கும் பழைய கம்பளம்: எதைப் பார்த்து வாங்குவது?

மலர்விழி, அஸ்தம்பட்டி:
அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டத்துப் பங்களா கைமாறுகிறது. உள்ளிருக்கும் சாமான்களைத் தனித்தனியாக விற்கிறார்கள். கூடத்தில் ஒன்பதடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு கம்பளம் கிடக்கிறது. செங்கல் சிவப்புத் தரை, நடுவில் பெரிய பதக்கப் பூ, கருநீலக் கரை. பார்த்தவுடன் மனத்தில் ஒட்டிக்கொண்டது. "பாரசீகம், நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது" என்கிறார் விற்பவர். 85,000 ரூபாய் கேட்கிறார்.

எனக்குச் சில சந்தேகங்கள். சிவப்பு ஒரே சீராக இல்லை. குறுக்கே பட்டை பட்டையாக ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் வெளுத்தும் இருக்கிறது. பூக்களைச் சுற்றியுள்ள கறுப்புக் கோடுகள் மற்ற நிறங்களைவிடப் பள்ளமாகத் தேய்ந்திருக்கின்றன. சுவரை ஒட்டிய பக்கம் புத்தக அலமாரிக்கு அடியில் இருந்ததாம். அங்கே பூஞ்சை வாடை அடிக்கிறது. இவையெல்லாம் குறைகளா, பழமையின் அடையாளங்களா?

காட்சிக்கு வைக்க அல்ல, கூடத்தில் விரித்துப் புழங்கவே வேண்டும். வீட்டில் மொசைக் தரை, மாமியாருக்கு மூட்டுவலி. பின்னாளில் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கலாம் என்றும் ஓர் எண்ணம். ஞாயிறன்று மறுபடியும் மேலே போகிறோம்.

தறிக்காரர், அம்மாப்பேட்டை:
அம்மா, நூறு வருடக் கதையை ஒதுக்கிவையுங்கள். கம்பளத்தைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாங்கள் பட்டு நெய்கிறவர்கள், கம்பளம் எங்கள் தொழில் அல்ல; ஆனாலும் பாவும் (நெடுக்கே ஓடும் நூல்) ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) எங்கும் ஒன்றுதான்.

கையால் முடிச்சுப் போட்டு நெய்ததென்றால் மேலே உள்ள பூ அடியிலும் அதே நிறத்தில், அதே வடிவத்தில் தெரியும். முடிச்சுகள் சற்றே ஏறி இறங்கி இருக்கும். அடியில் கித்தான் துணி ஒட்டியிருந்தால், அதற்குள் ரப்பர்ப் பால் பூசியிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியால் துணியில் இழையைக் குத்தி ஏற்றியது. அதுவும் கைவேலை என்று சொல்லி விற்பார்கள். சில ஆண்டுகளில் பசை பொடியாகிக் கொட்டும். பழங்கம்பளத்தின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்து குஞ்சம். கம்பளத்துக்குள் ஓடும் பாவு நூலே நுனியில் நீண்டு குஞ்சமாக நிற்க வேண்டும். தனியாக வாங்கித் தைத்திருந்தால் ஏன் தைத்தார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் சொன்ன சிவப்புப் பட்டைகள் குறையே அல்ல. சிறு சிறு அண்டாவில் சாயம் போட்ட நூல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறித்தான் வரும். ஒரு கட்டு தீர்ந்து அடுத்த கட்டு நூலைத் தொடங்கிய இடத்தில் குறுக்கே கோடு விழும். கறுப்புப் பள்ளமும் நல்ல அடையாளமே. கறுப்புக்கும் கரும்பழுப்புக்கும் இரும்பு சேர்ந்த சாயம் போட்டார்கள். அந்த இரும்பு நாளடைவில் கம்பளியை அரித்துவிடும், மற்ற நிறங்கள் நிற்கும். ஆனால் புதுக் கம்பளத்தைப் பழையதாகக் காட்ட கத்தரிக்கோலால் இழையைக் குறைப்பதும் உண்டு. அப்படியென்றால் பள்ளத்தின் விளிம்பு சீராக, வெட்டியது போல இருக்கும்.

குகைவாசி:
இவ்வளவு பணத்துக்கு ஏன் இந்த ஆராய்ச்சி? பக்கத்தில் பவானி இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஜமுக்காளம். வெயில் ஊருக்குப் பருத்தி போதும், தட்டிப்போடவும் சுலபம்.

காப்பித்தோட்டம், ஏற்காடு:
ஜமுக்காளம் நல்ல யோசனைதான், கூடத்துக்குக் கம்பளிதான் வேண்டும் என்பவருக்கு அது பதிலாகாது.

எனக்குக் கவலை அந்த வாடை. இங்கே 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள்ளேயே மூட்டம் நுழையும். பழைய பங்களாக்களின் கற்சுவர் ஈரத்தை விடாது. அலமாரிக்கு அடியில், காற்றும் வெளிச்சமும் படாமல் கிடந்த கம்பளத்தில் இரண்டு கேடுகள் சேரும். ஒன்று பூஞ்சை, அது அடிப்பாவின் பருத்தி நூலைத் தின்னும். மற்றது அந்துப்பூச்சியின் புழு. அது கம்பளியைத் தின்னும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் தெரியாது.

சுவர்ப் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வளையுங்கள். நல்ல கம்பளம் துணி போல மடங்கும். நூல் இற்றுப்போயிருந்தால் விறைத்து நிற்கும், காதருகே வைத்தால் மொறுமொறுவென்று நூல் அறும் ஓசை கேட்கும். பலமாக வளைக்காதீர்கள், கையோடு கிழிந்துவிடும். இற்றுப்போன பருத்தியை எந்தச் சலவையும் மீட்காது. தேய்ந்த முகத்தோடு (மேற்பக்கத்தோடு) வாழலாம், இற்ற பாவோடு வாழ முடியாது.

புழுவுக்கு: அடியில் வெள்ளை நூலாம்படை போன்ற கூடு, மணல் போன்ற எச்சம், முடிச்சுகள் காணாமல் வெறும் பாவு மட்டும் தெரியும் திட்டுகள்.

சாயவேர், ராணிப்பேட்டை:
அக்கா, நிறத்தையும் சோதித்துவிடுங்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து ஒவ்வொரு நிறத்தின் மீதும் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்தக் கம்பளம் தண்ணீருக்குப் போகக் கூடாது. பிறகு இழைகளை விரலால் பிரித்து வேர் வரை பாருங்கள். மஞ்சிட்டி, அரக்கு, அவுரி போன்ற இயற்கைச் சாயங்கள் நுனியிலும் வேரிலும் அதிகம் வேறுபடா, மெல்ல மெல்லத்தான் வெளுக்கும். நுனி சாம்பலாக வெளுத்து, வேரில் கண்ணைப் பறிக்கும் நிறம் இருந்தால் அது தொடக்ககாலச் செயற்கைச் சாயமாக இருக்கலாம். அந்தச் சாயம் 1856க்கு முன் கிடையாது.

ஓரத்தில் பிரிந்து தொங்கும் ஓர் இழையை விற்பவரிடம் கேட்டு எடுத்து, முற்றத்தில் வைத்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம், விரலில் நசுங்கும் சாம்பல். உருகி உருண்டையானால் செயற்கை இழை.

"பாரசீகம்" என்ற சொல்லுக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் எங்கள் வாலாஜாபேட்டையிலும், தஞ்சைப் பக்கம் அய்யம்பேட்டையிலும், தெலுங்கு நாட்டில் ஏலூர், மசூலிப்பட்டினம், வாரங்கலிலும் ரத்தினக் கம்பளம் நெய்தார்கள். வாரங்கல் கம்பளம் 1851 லண்டன் பொருட்காட்சிவரை போனது. பாரசீகப் பூவை நம் ஊர்க் கையும் போட்டிருக்கிறது. அந்தப் பங்களாவில் இருப்பது நம் ஊர் நெசவாக இருந்தால் எனக்கு அதுதான் கூடுதல் மகிழ்ச்சி.

மலர்விழி, அஸ்தம்பட்டி:
போய் வந்தேன். எல்லாருக்கும் நன்றி.

அடியில் பூ தெளிவாகத் தெரிகிறது, ஒட்டுத்துணி இல்லை. ஓர் அங்குலத்தில் குறுக்கே 8, நெடுக்கே 9 முடிச்சுகள். எரித்த இழை கம்பளிதான். ஈரத்துணியில் சிவப்பும் நீலமும் ஏறவில்லை. ஆரஞ்சு லேசாக ஏறியது. ஆரஞ்சுப் பூக்கள் மேலே சந்தன நிறம், வேரில் பளிச்சென்ற ஆரஞ்சு. கூடு, புழு ஒன்றும் கண்ணில் படவில்லை.

வாசல் பக்கக் குஞ்சம் பாவு நூலேதான். சுவர்ப் பக்கத்துக் குஞ்சம் தைத்தது! அந்தப் பக்கம் கரை நான்கு விரல் அகலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு சாண். வளைத்தால் ஓசை கேட்கிறது. தைத்த ஓரத்திலிருந்து சுமார் இரண்டடி வரை விறைப்பு, அதற்கப்பால் நன்றாக மடங்குகிறது. இதை எடுத்துச் சொன்னவுடன் விற்பவர் 40,000 என்று இறங்கினார்.

தறிக்காரர், அம்மாப்பேட்டை:
கதை தெளிவாகிவிட்டது. அந்த முனை ஏற்கெனவே ஒருமுறை இற்று, கரையை வெட்டி, குஞ்சம் தைத்து, திரும்ப அதே ஈரச் சுவரோரம் போட்டிருக்கிறார்கள். இற்றல் தொடர்ந்திருக்கிறது.

சதுர அங்குலத்துக்கு 72 முடிச்சு என்றால் 108 சதுர அடிக்கு 11 லட்சத்துக்கு மேல். ஒவ்வொன்றும் ஒருவர் விரலில் விழுந்தது. முடிச்சு எண்ணிக்கை பழமையையோ தரத்தையோ தனியாகச் சொல்லாது, ஆனால் இந்த உழைப்பை வெட்டி எறிய எனக்கு மனம் வராது. முனையின் அடியில் உறுதியான பருத்தித் துணி வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். அந்தப் பக்கம் நடமாட்டம் படாமல் விரியுங்கள். மேலே சோபா வைக்கவும் வேண்டாம், கால் அழுத்தி நூல் அறும்.

சாயவேர், ராணிப்பேட்டை:
ஐயா, இதில் உங்களோடு உடன்படவில்லை. புழங்கும் வீட்டில், மூட்டுவலிக்காரர் நடக்கும் கூடத்தில், இற்ற முனை ஒருநாள் கிழிந்து காலை இடறிவிடும். இற்ற முனையை வெட்டி நல்ல பகுதியோடு நிறுத்தி, ஓரம் கட்டி (வெட்டிய விளிம்பு பிரியாமல் தைத்து) பத்தடியாக வைத்துக்கொள்வதே சரி.

விலையைப் பற்றி: ஆறில் ஒரு பங்கு கெட்டதால் ஆறில் ஒரு பங்கு குறைத்தால் போதாது. கரை வெட்டுப்பட்டவுடன் வடிவத்தின் முழுமையே போய்விட்டது. 40,000க்கும் கீழே கேளுங்கள். ஆரஞ்சைப் பார்த்தால் அது செயற்கைச் சாயம் வந்த பிறகு நெய்தது. நூறு ஆண்டு என்பதற்கு அது சான்றும் அல்ல, மறுப்பும் அல்ல. விற்பவரிடம் தாள் எதுவும் இல்லை என்றால் வயதுக்கென்று ஒரு ரூபாயும் சேர்க்க வேண்டாம்.

காப்பித்தோட்டம், ஏற்காடு:
சிங்கப்பூர் எண்ணம் இருந்தால் ஒன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அந்த வயதை எட்டவில்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் அனுப்பலாம். "நூறு வருடம்" என்று ரசீதில் எழுதச் சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

மலர்விழி, அஸ்தம்பட்டி:
32,000க்கு முடிந்தது. தம்பிக்கு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டோம், இங்கேயே இருக்கட்டும். மாமியாரை நினைத்து முனையை வெட்டி ஓரம் கட்டவே முடிவு செய்திருக்கிறோம். வெட்டிய துண்டை எறியாமல் வைத்துக்கொள்கிறேன், தறிக்கார ஐயா வருந்த வேண்டாம். கீழே கொண்டுவருவது எப்படி? வந்தவுடன் சலவைக்குப் போடலாமா?

தறிக்காரர், அம்மாப்பேட்டை:
அந்தத் துண்டை எறிந்துவிடாதீர்கள், பின்னாளில் பூ தேய்ந்த இடத்தைச் செப்பனிட அதே கம்பளி கிடைக்கும். மகிழ்ச்சி அம்மா.

காப்பித்தோட்டம், ஏற்காடு:
மடிக்காமல் சுருட்டுங்கள், இழை சாய்ந்திருக்கும் திசையிலேயே சுருட்ட வேண்டும். பிளாஸ்டிக் தாளில் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், பழைய வேட்டி போதும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டிக்குள் உருளாதபடி கட்டுங்கள்.

சலவை வேண்டாம், ஆரஞ்சு ஓடிவிடும். சேலம் வெயில் இதற்கு நல்ல மருந்து. மாடியில் முகத்தைக் கீழே வைத்து, அடிப்பக்கம் மேலே தெரிய முற்பகலில் காயவிடுங்கள். முகத்தை வெயிலில் காட்டினால் நிறம் போகும். வாடை போகும்வரை இப்படியே செய்யுங்கள். பிறகு சுழலும் தூரிகை இல்லாத தூசி உறிஞ்சியால் இரண்டு பக்கமும் எடுங்கள், குஞ்சத்தின் மேல் ஓட்ட வேண்டாம். வேப்பிலையை மட்டும் நம்பாதீர்கள். அந்துப்பூச்சிக்கு இருட்டும் அசையாமையும்தான் வேண்டும். அவ்வப்போது திருப்பிப் போட்டு அடியைப் பாருங்கள்.

மொசைக்கில் வெறுமனே விரிக்காதீர்கள், வழுக்கும். அடியில் வழுக்காத விரிப்பைக் கம்பளத்தைவிட நாலாபுறமும் ஓர் அங்குலம் குறைத்து வெட்டிப் போடுங்கள். மிகத் தடிமனாக வேண்டாம், விளிம்பு உயர்ந்தால் உங்கள் மாமியாருக்கு இடறும்.