டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கண்புரை அறுவை: எங்கள் அனுபவங்கள்

மேலூரிலிருந்து ஒரு மனைவி:

என் கணவருக்குத் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மதுரையில் டயாலிசிஸ். சர்க்கரை நோய் பல வருடமாக இருக்கிறது. தை மாதம் வலது கண்ணில் புரை அறுவை செய்து லென்ஸ் வைத்தோம். "உடம்பு இருக்கும் நிலையில் கண்ணையும் அறுக்க வேண்டுமா?" என்று கேட்டு உறவினர்களே தடுக்கும் வீடுகள் நிறைய இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குக் கண் பார்வை மிக மிக அவசியம். எடை இயந்திரத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும், குடிக்கும் தண்ணீரை அளக்க வேண்டும். பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் இரண்டுமே வெள்ளை. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம், இருக்கும் கையில் லேசாகச் சிவந்தால்கூட அன்றே தெரிந்தாக வேண்டும். அவர் விரலை வைத்து அதிர்வு ஓடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சிவப்பைத் தொட்டுப் பார்க்க முடியாதே! அதனால் நான் பிடிவாதமாக நின்றேன்.

மதுரைக்காரர்களுக்குக் கண் ஆபரேஷன் என்றால் பயம் கிடையாது. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1992-இல் லென்ஸையே இங்கே செய்து விலையைக் குறைக்க ஆரோலேப் வந்தது. முகாம் வண்டியில் போய்க் கண் தெளிந்து திரும்பியவர் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. அதில் ஒரு சங்கடமும் உண்டு. எல்லோரும் தங்களுக்கு நடந்ததை வைத்தே யோசனை சொல்கிறார்கள். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்புக்கு அதில் பாதி பொருந்தாது.

நாங்கள் முதலில் போனது சிறுநீரக மருத்துவரிடம். சனிக்கிழமை தேதி வாங்கச் சொன்னவர் அவர்தான். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்தால் மறுநாள் உடம்பில் நீர் குறைவாக இருக்கும், மூச்சு வாங்காமல் மல்லாந்து படுக்க முடியும், பொட்டாசியமும் கட்டுக்குள் இருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினும் அதற்குள் உடம்பை விட்டுப் போயிருக்கும். அடுத்த டயாலிசிஸ் திங்கள்தான் என்பதால் புண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு. இதையெல்லாம் கண் மருத்துவருக்கு ஒரு கடிதமாகவே எழுதிக் கொடுத்தார். எந்தக் கையில் ஃபிஸ்டுலா, வலி மாத்திரையில் எது கூடாது, இதய மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை நிறுத்த வேண்டியதில்லை என்பதெல்லாம் அதில் இருந்தன. இரண்டு மருத்துவர்களும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவே ஓடியது அந்தக் காகிதம்தான்.

அறுவை அன்று காலை அவருடைய இடது முன்கையில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி, "இந்தக் கையில் ஊசி வேண்டாம், பிரஷர் பட்டை வேண்டாம்" என்று நீல மை பேனாவால் எழுதினேன். வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வந்த நர்ஸ், பட்டையோடு இடது கையைத்தான் தூக்கினார். எழுத்தைப் படித்துவிட்டு, "நல்ல வேலை செய்தீர்கள் அம்மா" என்று சொல்லி வலது கைக்கு மாறினார். அறுவையின்போது நான் கூட இருக்க முடியாது, அவருக்கோ சொட்டு மருந்தும் பதற்றமும். எழுத்து பேசும் என்றுதான் அப்படிச் செய்தேன்.

அறுவை சீக்கிரம் முடிந்தது. அவருக்குச் சொட்டு மருந்திலேயே கண்ணை மரத்துப்போகச் செய்தார்கள், ஊசி இல்லை. இரண்டாவது பாடு வீட்டில்தான். பார்க்க வந்தவர்கள் இளநீர், பப்பாளி, கேரட், முருங்கைக்கீரை என்று கொண்டுவந்து குவித்தார்கள். நாத்தனார் மாட்டுத்தாவணியில் இறங்கியதும் பழக்கடைக்குப் போய்விட்டுத்தான் வந்தாள். "மதினி, கண் சூடு தணியும், அண்ணனுக்கு ஒரு இளநீர் மட்டும் வெட்டிக் கொடுங்கள்" என்றாள். ஒரு டம்ளர் இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம். அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. மிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும். அன்போடு கொண்டுவந்ததை மறுப்பது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் மறுத்தேன், காரணத்தையும் உட்காரவைத்துச் சொன்னேன். இளநீரை அவளே குடித்தாள்.

பார்வையைப் பற்றி ஒன்று. சர்க்கரையால் விழித்திரையில் சேதம் இருக்கிறது, லென்ஸ் மாற்றினால் அது மாறாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பொடி எழுத்து இன்னும் வரவில்லை. ஆனால் கட்டைப் பிரித்த அன்று அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்த மேட்டையும், வரிசையாக இருந்த தழும்புகளையும், நரம்பு முறுக்கேறி ஓடுவதையும் பார்த்துவிட்டு, "இவ்வளவா இருக்கிறது?" என்றார். இப்போது எடை நோட்டை அவரே எழுதுகிறார்.

திருமங்கலத்திலிருந்து ஒரு மகன்:

மேலூர் அம்மா சொன்ன மருத்துவர் கடிதத்தைப் பற்றிப் படித்ததும் என் அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றுகிறது. அவரும் டயாலிசிஸில் இருப்பவர்தான். புரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் அழுத்தம் கூடியது. ஒரு கண் மருத்துவர் அழுத்தம் குறைய டயமாக்ஸ் மாத்திரை எழுதினார். சிறுநீரகக் கோளாறு இருப்பதைச் சொல்லியிருந்தோம். இருந்தும் சீட்டில் அது வந்துவிட்டது.

அப்பா மந்தமானார். பகலெல்லாம் தூங்கினார். எழுப்பினால் அம்மாவை அத்தையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டு அவிழ்த்தார். பக்கவாதம் என்று வீடே அழுதது. டயாலிசிஸ் மையத்தில் மருத்துவர் மருந்துப் பையைக் கொட்டச் சொல்லி, அந்த அட்டையை எடுத்து, "இது எப்போது ஆரம்பித்தது?" என்று கேட்டார். அந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுமாம். போக வழி இல்லாமல் உடம்பில் சேர்ந்து மூளையைக் குழப்பிவிட்டது. மாத்திரையை நிறுத்திக் கூடுதலாக ஒரு டயாலிசிஸ் செய்ததும் படிப்படியாகத் தெளிந்தார். அழுத்தத்தைச் சொட்டு மருந்திலேயே குறைத்தார்கள்.

அப்பா பிழைத்துக்கொண்டார் என்றாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. டயாலிசிஸ் நோயாளி என்று சீட்டின் மேலேயே எழுதியிருந்தது. புதிதாக எந்த மாத்திரை வந்தாலும் டயாலிசிஸ் மையத்தில் காட்டாமல் வாயில் போடாதீர்கள்.

மதுரையில் டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருக்கும் ஒருவர்:

இருவரும் சொன்னதோடு எங்கள் பக்கத்து விஷயம் ஒன்று. கண் ஆபரேஷன் முடிந்து வருகிறவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். மருத்துவரைக் கேட்டு அன்றைக்கு ஹெப்பாரினைக் குறைப்போம், அல்லது இல்லாமலே ஓட்டுவோம். அறுவைக்காகக் கீறும் கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கண்ணாடி போன்ற பகுதியில், ரத்தக் குழாய் கிடையாது, அதனால் சொட்டு மருந்தில் செய்த சிறு அறுவைக்குப் பெரும்பாலும் ரத்தக் கசிவு வராது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டிருந்தால் கவனம் அதிகம் வேண்டும்.

யாரும் நினைத்துப் பார்க்காதது சொட்டு மருந்து. ஆரம்ப நாட்களில் அடிக்கடி விட வேண்டியிருக்கும். டயாலிசிஸ் 4 மணி நேரம். ஒரு கையில் இரண்டு ஊசி, அசைக்கக் கூடாது. மிச்சமுள்ள ஒரு கையால் இமையையும் பிரித்து மருந்தையும் விட முடியாது. பலர் "வீட்டுக்குப் போய் விட்டுக்கொள்கிறேன்" என்று விட்டுவிடுகிறார்கள். நாங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து விடுகிறோம், ஆனால் வேளை தெரிய வேண்டும். மருந்துப் பாட்டிலின் மேல் நேரத்தை எழுதிக் கொண்டுவாருங்கள். ரத்த அழுத்தம் சரிந்தால் தலைப் பக்கத்தைத் தாழ்த்துவோம், அப்போது புதிய கண்ணில் பாரம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அதைத் தவிர்க்க, ஆபரேஷன் முடிந்த வாரம் தண்ணீரை இன்னும் கட்டுப்படுத்துங்கள். எடுக்க வேண்டிய நீர் குறைவாக இருந்தால் அழுத்தம் சரியவே சரியாது என்று சொல்ல முடியாது, ஆனால் அப்படிச் சரிவது நிச்சயம் குறையும்.

மேலூர் மனைவி மீண்டும்:

இருவருக்கும் நன்றி. இடது கண்ணுக்கு ஆடி கழிந்து தேதி கேட்டிருக்கிறோம். தம்பி சொன்ன மாத்திரையின் பெயர் எங்கள் கடிதத்தில் இல்லை. இந்த முறை டயமாக்ஸ் என்றும், அதனுள் இருக்கும் அசிட்டசோலமைடு என்ற மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்கிறேன். வேறு கம்பெனி பெயரில் வந்தாலும் அட்டையைத் திருப்பிப் படித்தால் தெரிந்துவிடும். திங்கட்கிழமை சொட்டு மருந்துக்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாளைக்கே மையத்தில் கேட்கிறேன்.