அழகர் ஆற்றில் இறங்குவதை மேடையில் எப்படிக் கொண்டுவருவது?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். சித்திரைத் திருவிழாவை வைத்து 9 பிள்ளைகளோடு 35 நிமிடக் குழு நடனம் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி அமைந்துவிட்டது. காவல்தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் உத்தரவு வாங்கி, கையில் நேரிக்கம்போடு கள்ளர் கோலத்தில் அழகர் மலையை விட்டுப் புறப்படுகிறார். அதற்குக் கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி, சாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிப்பது.

சிக்கல் ஆற்றில்தான். நீலத்துணியை இரண்டு பேர் பிடித்து அசைக்க, உயரமான பிள்ளை அழகராகக் குதிரை நடை போட்டு வந்தாள். நடை சுத்தம், முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டி சுத்தம். எனக்கு மனசு அசையவே இல்லை. ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். அன்று அழகர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தது பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் சர்க்கரைச் செம்பை. வாயை வாழையிலையால் கட்டி, மேலே எரியும் திரி, காற்றுக்கு அணைத்துப் பிடித்த உள்ளங்கை. "அந்தா, பச்சைப்பட்டு!" என்று யாரோ கத்தினதும் அந்தக் கை நடுங்கியது. இதை எந்த முத்திரையில் வைப்பேன்?

இன்னொன்று. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குப் பிந்தி வந்து, கோபித்துத் திரும்பும் கதையைப் போடச் சொல்கிறார்கள், நிகழ்ச்சி நடத்துகிறவர்கள். கோயில் சொல்வது, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு அழகர் சாப விமோசனம் தர வருவதை. எதைக் கட்டுவது?

தட்டுக்கழி:
குதிரையில் வரும் பிள்ளையை எடுத்துவிடுங்கள் அம்மா. ஒன்பது பேரும் கூட்டமாக நிற்கட்டும். வர்ணம் என்ற நீண்ட உருப்படியில் நாயகன் மேடைக்கா வருகிறான்? நாயகி கண்ணில்தானே வருகிறான். அதையே ஒன்பது ஜோடிக் கண்ணுக்குக் கொடுங்கள். ஒரு கண் பிந்தினாலும் அழகர் உடைந்துபோவார், அதனால் பழக்குவது கஷ்டம். நான் கழி நுனியில் சிவப்புத்துணி கட்டி, மெதுவான விளம்ப காலத்தில் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பேன், பிள்ளைகள் துணியை மட்டும் பார்க்க வேண்டும். பத்து நாளில் துணி தேவைப்படாது.

செம்புக்கு முத்திரை தேட வேண்டாம். நிஜச் செம்பில் சர்க்கரை நிரப்பி ஒரு வாரம் ஏந்தவிடுங்கள். பிறகு செம்பைத் திரும்ப வாங்கிவிடுங்கள். கனம் கையிலேயே தங்கிவிடும்.

தோப்பறை:
அக்கா, எனக்குப் பரதம் தெரியாது. எங்க வீட்டுல தாத்தா காலத்துலருந்து விரதம் இருந்து அழகருக்குத் தண்ணி பீய்ச்சுறோம். நீலத்துணி வேணாங்க்கா. பல வருசம் அணையத் தொறந்துவிட்டாத்தான் ஆத்துல தண்ணி. நாங்க பீய்ச்சுறதுதான் எங்களுக்கு ஆறு. தோப்பறை ஆட்டுத்தோல். அத இடுக்கி அமுக்குனா, சின்னக் குழாய் வழியா தண்ணி நூலாட்டம் மேல போகும். அப்ப ஒடம்பு பின்னாடி சாயும், முகம் மட்டும் சாமியப் பாத்தே இருக்கும். அந்தச் சாய்வ உங்க பிள்ளைகளுக்குக் குடுங்க. உறுமி மேளமும் வைங்க, அது இல்லாம எங்களுக்குக் கால் எழும்பாது.

மாலிருஞ்சோலை:
கதை பற்றி மட்டும். தேனூரில் ஆற்றில் இறங்கிய அழகரை மதுரைக்குக் கொண்டுவந்து, மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்பார்கள். கல்யாணம் முடிந்தபின் ஏன் அண்ணன் வருகிறார் என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஊர் சொன்ன பதில்தான் அந்தக் கதை என்று நினைக்கிறேன். ஆகவே தனிக் காட்சி வேண்டாம். செம்பு ஏந்திய அம்மா தோளில் இருக்கும் குழந்தைக்குச் சொல்வதாக வையுங்கள், அபிநயத்துக்கு நல்ல இடம். ஆண்டாள் மாலையை மறக்காதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் அந்த மாலையைத் தல்லாகுளத்தில் சூடிக்கொண்டுதான் ஆற்றுக்கு வருகிறார். நாச்சியார் திருமொழியில் இந்த அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசில் என்ற சர்க்கரைப் பொங்கலும் நேர்ந்துகொண்டவள் அவள்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. நேற்று ஒத்திகையில் குதிரையும் இல்லை, நீலத்துணியும் இல்லை. செம்பைத் திரும்ப வாங்கிவைத்த பிறகு, கடைசி வரிசையில் நிற்கும் சின்னவள் தானாகவே உள்ளங்கையை இல்லாத திரிமேல் கவித்தாள். நான் சொல்லித்தரவில்லை. தம்பி சொன்ன சாய்வைப் பையன்கள் இருவரும் பழகுகிறார்கள், இடுப்பு இன்னும் இறுக்கமாக இருக்கிறது.

உறுமிக்கு ஆள் பேசியாகிவிட்டது. மல்லாரி எங்கே நின்று உறுமி எங்கே எழ வேண்டும், கருப்பன் படியிலா, ஆற்று மணலிலா? தட்டுக்கழி ஐயா, நீங்கள் சொல்லுங்கள்.