'தி மார்ஷியன்' புயல்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

சாக்பீஸ் வாத்தியார்:
நாவலைப் படித்தவர்களுக்குப் புயலை விளக்க வேண்டாம். படிக்காதவர்களுக்கு: செவ்வாயில் அடிக்கும் புயலால் அங்கேயே தனியாக மாட்டிக்கொள்ளும் விண்வெளி வீரன், உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிற கதை. போன மாதம் பத்தாம் வகுப்பில், மணிக்கு 175 கி.மீ. காற்று, பிய்த்துக்கொண்டு வந்து குத்தும் ஆன்டெனா என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "சார், செவ்வாயில காத்தழுத்தம் நம்மளோடதுல நூத்துல ஒரு பங்குகூட இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?" கையில் சாக்பீஸோடு நிற்கிறேன். "அது கதைம்மா" என்று சமாளித்தேன். அவள் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டில் கணக்குப் போட்டேன். அங்கே காற்றின் அடர்த்தி இங்குள்ளதில் சுமார் 60ல் ஒரு பங்கு. காற்று தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த 175 இங்கே 22 மாதிரி. கொடியில் துணி ஆடும், அவ்வளவுதான்.

நடுநிசி வாசகி:
சார், எழுதிய ஆண்டி வியரே தெரிந்துதான் அப்படி வைத்தேன் என்று சொல்லியிருக்கிறார். இன்ஜின் சோதனையில் விபத்து என்று வேறு தொடக்கமும் யோசித்தாராம். முதல் அடி இயற்கை அடித்ததாக இருக்கட்டும் என்று புயலை வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது தண்ணீர். பயிருக்காக அவன் ஹைட்ரஜனை எரித்துத் தண்ணீர் செய்யும்போது வெடிக்குமே, அந்த இடத்தை ராத்திரி ஒரு மணிக்குப் படித்துக் கத்திவிட்டேன். மாமியார் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்! அப்புறம் பார்த்தால், செவ்வாய் மண்ணில் எடைக்கு 2 சதவீதம் போலத் தண்ணீர் இருப்பதாக, அங்கே ஊர்ந்து ஆராயும் கியூரியாசிட்டி வண்டியை வைத்து 2013ல் சொல்லிவிட்டார்கள். மண்ணை வறுத்தாலே போதும். நாவல் வந்தது 2011, அதனால் ஓட்டை என்று சொல்ல மனசு வரவில்லை.

ஊட்டிக் கிழங்கு:
அக்கா, வறுக்கிற மண்ணில் பெர்குளோரேட் இருக்கிறதே? செவ்வாயில் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் அதை 2008லேயே கண்டுபிடித்தாயிற்று. தைராய்டைக் கெடுக்கும் உப்பு. கழுவாத மண்ணில் விளைந்த கிழங்கை அவன் மாதக்கணக்கில் தின்கிறான். இதற்கு மனசு வரும்தானே?

நாங்கள் கிழங்கு போடுகிறவர்கள். அப்பாவிடம் கதையைச் சொன்னேன். "பறிச்ச கையோட நட்டானா? முளைச்சுதா?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மாடியில் உருளை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். புதுக்கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும், உடனே புதைக்காதீர்கள். முளை எட்டிப் பார்த்த பிறகு, துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி நறுக்கி, இரண்டு நாள் நிழலில் ஆறப் போட்டு நடுங்கள். செடி முக்கால் அடி வந்ததும் மண் அணையுங்கள். வெயில் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும், அதைத் தின்னக் கூடாது. மண் ஒட்டிய விதைக்கிழங்கை வாங்கவே வாங்காதீர்கள். நீலகிரியில் 1961ல் கண்டுபிடித்த, உருளை வேரைத் தாக்கும் நூற்புழு எங்களை இன்னும் விட்டபாடில்லை.

சாக்பீஸ் வாத்தியார்:
நடுநிசி வாசகி சொன்னதை இன்று வகுப்பில் சொன்னேன். "அப்போ தெரிஞ்சே தப்பா எழுதினா மார்க் உண்டா சார்?" என்கிறாள்.