நீலகிரியில் குழந்தைகள் இரத்தநோய் மருத்துவரைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்

பந்தலூர் ஆசிரியை:
இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான சிக்கிள் செல்லைப் பற்றிக் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மாணவி ஒருத்தியின் தம்பி, இரண்டு வயது நிறையாதவன், கைகளும் பாதங்களும் வீங்கி அழுதுகொண்டிருந்தபோது முகாமுக்கு வந்திருந்த மருத்துவர் மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன்பு அந்தப் பணியர் பழங்குடித் தாயின் விரல்களைப் பிடித்துக் குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே வைத்தார். "மண்ணீரல் இங்கேதான் தட்டுப்படும், தினமும் தொட்டுப் பாரம்மா, திடீரெனப் பெரிதாகிப் பிள்ளை வெளுத்துப்போனால் விடியட்டும் என்று காத்திருக்காதே" என்றார். தாய்க்குச் சரியாகத் தட்டுப்படும் வரை அவர் அந்தக் கையை விடவில்லை; வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததையும் பொருட்படுத்தவில்லை. காப்பி பறிக்கும் பருவத்தில் அந்தக் குடும்பம் வயநாட்டுக்குப் போய்விட்டது. அவள் இன்னும் தொட்டுப் பார்க்கிறாளா என்பது எனக்குத் தெரியாது.

கூடலூர், ஓய்வுபெற்ற செவிலியர்:
ஆசிரியை அம்மா, முகாமுக்கு ஒரு நாள் வந்து போகிறவரை இவ்வளவு போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து வயது வரை தினமும் இரண்டு வேளை பென்சிலின் கொடுக்கப்படுகிறதா, நிமோனியாத் தடுப்பூசி போடப்பட்டதா, நோயின் வேகத்தைத் தணிக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு உரிய காலத்தில் இரத்த அணுக்கள் எண்ணப்பட்டனவா என்று குடியிருப்பு குடியிருப்பாக ஏறி இறங்குபவர்கள் கிராம சுகாதாரப் பணியாளர்களே. ஆனாலும் ஒரு மழை இரவை மறக்க முடியவில்லை. காய்ச்சலும் நெஞ்சுவலியுமாக வந்த சிக்கிள் செல் சிறுவனைச் சாதாரணச் சளி என்று படுக்க வைத்திருந்தோம். தொலைபேசியில் கிடைத்த இரத்தநோய் மருத்துவர் முதலில் கேட்டது ஆக்சிஜன் அளவைத்தான். அதைச் சொன்னவுடன், இரத்தம் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டே வண்டியைக் கிளப்பச் சொன்னார். அந்தக் கேள்வி வராமல் இருந்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

குன்னூர் தாத்தா:
எங்களுடையது சிக்கிள் செல் அன்று, ஹீமோபிலியா; இரத்தம் சரியாக உறையாத நோய், பெரும்பாலும் தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருவது. பேரனுக்குப் பால்பல் விழுந்த இடத்தில் மறுநாளும் இரத்தம் நிற்கவில்லை என்று மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு என் மகளிடம், "உங்களோடு பிறந்த ஆண்பிள்ளைகள் உண்டா?" என்று கேட்டார். ஏழு வயதில் போன என் மகனைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்கு முன்பு யாரும் பேசியதில்லை.

இதைப் படிக்கும் இளம் மருத்துவ மாணவர்கள் இத்துறைக்கு வர வேண்டும் என்பதற்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். எம்பிபிஎஸ் பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு, குழந்தைகள் மருத்துவத்தில் எம்டி என்ற மேற்படிப்பு மூன்று ஆண்டு, அதன் பிறகு இரத்தவியலில் டிஎம் என்ற சிறப்பு மேற்படிப்பு மூன்று ஆண்டு என்றால் முப்பது வயதை நெருங்கிய பிறகே தனியாக நிற்க முடியும். நுழைவுத் தேர்வுகளுக்கு வீணாகும் ஆண்டுகள் தனிக் கணக்கு. லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய், தலசீமியா என்ற பரம்பரை இரத்தசோகை, எலும்பு மஜ்ஜை மாற்று என எல்லாச் சிகிச்சைகளும் பெருநகர மருத்துவமனைகளில் குவிந்திருப்பதால் படித்தவர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ஆகவே படிக்கும்போதே மலையில் சில மாதங்கள் வேலை செய்யுங்கள். பெற்றோரிடம் பரம்பரையைப் பற்றிக் கேட்கும் விதத்தைப் பழகுங்கள். தாயைக் குற்றவாளியாக்காமல் கேட்பது தனிக்கலை. பணியர், குறும்பர் மொழிகளில் நாலு சொல்லாவது தெரிந்துகொள்ளுங்கள்.

கோத்தகிரி வாசகர்:
செவிலியர் அம்மா சொல்வதும் சரி, தாத்தா சொல்வதும் சரி. ஆனால் இதைப் பணியர் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலாகப் பதிவானதே 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அதை வெளியிட்டவர்கள் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள். தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியதோ 2023-இல். என் நண்பர், இருளர், திருமணத்துக்கு முன்பே பரிசோதித்துக்கொண்டார். இருவருமே நோய்க்கூறு சுமப்பவர்கள் என்று தெரிந்தபோது, ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்று மருத்துவர் நான்கு காப்பிக்கொட்டைகளை மேசையில் வைத்துக் காட்டினாராம். அவர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். குழந்தையை இன்னும் பரிசோதிக்கவில்லை. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கூடலூர், ஓய்வுபெற்ற செவிலியர்:
கேளுங்கள். எங்கள் பக்கம் அழைத்து வந்தால் நானே உடன் வருகிறேன்.