சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கிளாஸ்கோவிலிருந்து எந்த பாட்டில்?

செங்கல்பட்டான் கேட்கிறார்:

வணக்கம். கம்பெனி வேலையாக ஆறு மாதம் கிளாஸ்கோ வந்தேன், நாலு மாதம் ஓடிவிட்டது. தை மாதம் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். "ஸ்காட்லாந்துல இருக்க, வரும்போது ஒரு நல்ல பாட்டில் கொண்டாடா" என்று போனில் சொல்லிவிட்டார். சித்திக்குத் தெரியாமல் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார் என்பது குரலிலேயே தெரிந்தது.

எனக்கு விஸ்கி பற்றி ஒன்றும் தெரியாது. பெங்களூரில் மூன்று வருடம் இருந்தபோது கிராஃப்ட் பீர் பழகிவிட்டது. கோதுமை பீர், கசப்பும் வாசமும் தூக்கலான ஐபிஏ பீர் இரண்டும் பிடிக்கும், அதோடு சரி. சித்தப்பா குடிப்பது பிராந்தி. அதில் சோடா, தொட்டுக்கொள்ள காராசேவு. முப்பது வருடமாக இதை மாற்றியதில்லை.

நேற்று சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி முன்னால் இருபது நிமிடம் நின்றேன். 10, 12, 15, 18 என்று எண்கள், ஷெரி, போர்பன், பீட் என்று வார்த்தைகள். கடைசியில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். 60 பவுண்டுக்குள் எதை வாங்கலாம்? பெயர் பெரிதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவருக்குப் பிடிக்க வேண்டும்.

மிக்சர் மணி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 18 என்று போட்டதை எடுங்கள். பட்ஜெட் இடித்தால் மேலே ஒரு 30 பவுண்டு போடுங்கள். எண் பெரிதாக இருந்தால் சித்தப்பா ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிவார்.

கிளைட்கரை:

தம்பி, மணி சொல்வதைக் கேட்காதீர்கள். (மணி, கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் ஒரு காலத்தில் உங்கள் கட்சிதான்.)

நான் விருதுநகர்க்காரன். கிளாஸ்கோவில் பதினேழு வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறேன். அதனால் எனக்குக் குடி என்பது மறுநாள் டூட்டி இல்லாத சனிக்கிழமை மாலை மட்டும். ஸ்காட்லாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை 2014 டிசம்பரில் 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். காலையில் எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பவனுக்கு அது விளையாட்டு இல்லை. வாரத்துக்கு ஒரு தடவைதான் என்றாகிவிட்டால், கண்டதை வாங்கி அந்த ஒரு தடவையை வீணாக்க மனசு வராது. நான் கொஞ்சம் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

முதல் தடவை ஊருக்குப் போனபோது மாமனாருக்கு ஒரு பாட்டில் கொண்டுபோனேன். கடையில் "இருப்பதிலேயே கெட்டியான ருசி எது" என்று கேட்டு, ஐலா தீவின் தென்கரையில் வடித்த ஒன்றை வாங்கினேன். அந்தத் தீவில் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்கிற மக்கிய மண் கட்டிகளை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைப்பார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. மாமனார் மூடியைத் திறந்து மோந்தார். பாட்டிலைத் தூர வைத்துவிட்டு, "மாப்ளே, இது குடிக்கிறதா, காயத்துக்குப் போடுறதா?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. டிங்சர், சாம்பிராணி, சுட்ட கருவாடு மூன்றும் சேர்ந்த வாசம் அது. இரண்டு வருடம் அந்த பாட்டில் அலமாரியில் ஓமத்திரவத்துக்குப் பக்கத்தில் நின்றது. இன்றைக்கு அந்தப் புகைதான் எனக்கு உயிர், அந்தத் தீவின் லகவூலின் 16 என்றால் பேச்சே கிடையாது. ஆனால் அங்கே போய்ச் சேர எனக்கு நாலைந்து வருடம் ஆனது. அறுபதாம் கல்யாணத்தன்று சித்தப்பாவை அந்த ஆழத்தில் தள்ளிவிடாதீர்கள்.

சரி, விஸ்கி தெரியாது என்கிறீர்களே, பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ராகி மால்ட் குடித்திருப்பீர்கள் அல்லவா? அதே மால்ட்தான், ராகிக்குப் பதில் பார்லி. முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, அந்த இனிப்புத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டால் இரண்டு மூன்று நாளில் கிட்டத்தட்ட 8 சதவீத பீர் வந்துவிடும். ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ அதில் கிடையாது, அவ்வளவுதான். அதைச் செம்புப் பானையில் இரண்டு முறை வடித்தால் 70 சதவீதத்தை ஒட்டி வரும். தண்ணீர் கலந்து ஓக் பீப்பாயில் அடைத்தால் மீதி வேலையைக் காலம் பார்த்துக்கொள்ளும். குறைந்தது 3 வருடம் என்பது சட்டம். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தால் அது சிங்கிள் மால்ட்.

எங்கள் பஸ் கிழக்கே வெல்பார்க் பீர் ஆலைப் பக்கம் போகும்போது சில நாள் அந்தத் தானியம் வேகும் வாசம் ஜன்னல் வழியே வரும். அம்மா அடுப்பில் கம்பங்கூழ் கிண்டுகிற ஞாபகம் வந்துவிடும்.

வடிக்கும்போது அது தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் வரும். நிறமும் ருசியில் பெரும்பகுதியும் பீப்பாய் கொடுப்பதுதான். சித்தப்பா விஷயத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் போர்பன் என்கிற அவர்கள் விஸ்கிக்குப் புதுப் பீப்பாய்தான் போட வேண்டும் என்பது சட்டம். ஒரு முறை பயன்படுத்தியதை இங்கே அனுப்பிவிடுவார்கள். அதில் ஊறினால் வெனிலா, தேங்காய், தேன் என்று போகும். ஸ்பெயினின் ஷெரி ஒயின் இருந்த பீப்பாயில் ஊறினால் உலர்திராட்சை, பேரீச்சை, கிராம்பு, பிளம் கேக். முப்பது வருடம் பிராந்தி குடித்த நாக்குக்கு இரண்டாவதுதான் சொந்தக்காரன் மாதிரி இருக்கும். (நம்ம ஊர் பிராந்தியில் திராட்சை எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.)

இப்போது எண். 12 என்றால் அந்த பாட்டிலில் இருப்பதிலேயே இளையது 12 வருடம் பீப்பாயில் கிடந்தது என்று அர்த்தம். நல்லது என்று அர்த்தம் இல்லை. வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் பீப்பாயிலிருந்து ஆவியாகிவிடும், அதனால் வருடம் ஏற ஏற விலை ஏறும். சில சரக்கு 18 வருடத்தில் கனிந்து நிற்கும். சிலதில் மரம்தான் மிஞ்சும், பலகையை நக்குகிற மாதிரி. பாட்டிலில் அடைத்துவிட்டால் வயது அதோடு நின்றுவிடும் என்பதையும் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். பேரன் கல்யாணத்துக்கு என்று பத்திரமாக வைத்தாலும் அது 12 தான்.

கடைக்குப் போகும் முன் ஹோப் தெருவில் இருக்கும் பாட் ஸ்டில் பப்புக்கு ஒரு சாயங்காலம் போங்கள். சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான விஸ்கி இருக்கும். பட்ஜெட்டைச் சொல்லி, புகை வேண்டாம், ஷெரி பீப்பாய் வேண்டும் என்று கேளுங்கள். மூன்று மட்டும் வாங்குங்கள். இங்கே ஓர் அளவு 25 அல்லது 35 மில்லிதான், நம்ம ஊர் லார்ஜ் இல்லை. முதலில் சும்மா ஒரு வாய், அப்புறம் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு ஒரு வாய். தண்ணீர் விட்டதும் வாசம் விரிவது உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் கிளென்கோயின் 12, அல்லது கிளென்ட்ரோனக் 12. இரண்டும் 43 சதவீதம், உங்கள் பணத்துக்குள் வரும். கிளென்கோயின் கிளாஸ்கோவுக்கு வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ்ஸிலேயே போய்வரலாம். அங்கே ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்லாந்தின் விஸ்கி வட்டாரங்களான ஹைலேண்டுக்கும் லோலேண்டுக்கும் எல்லை அந்த வடிசாலை முன்னால் போகும் ரோடுதான். வடிப்பது ஹைலேண்டில், ரோட்டைத் தாண்டி எதிரே பீப்பாய்க் கிடங்கு இருப்பது லோலேண்டில். பார்லியைக் காயவைக்கப் புகையே போடமாட்டார்கள், வெறும் சூடான காற்று. நேரில் பார்த்து வாங்கிப்போனால் சித்தப்பாவிடம் சொல்லக் கதையும் கிடைக்கும்.

இரவு 10 மணிக்கு மேல் இங்கே ஊருக்குள் எந்தக் கடையிலும் பாட்டில் தரமாட்டார்கள். காலை 10க்கு முன்னாலும் கிடையாது. விமானத்துக்குப் புறப்படும் நாளில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

செங்கல்பட்டான்:

அண்ணே, இவ்வளவு எழுதியதற்கு ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். சித்தப்பா கண்டிப்பாக சோடா ஊற்றுவார். அது பாவமா? அப்புறம், என் பங்குக்கு இங்கே என்ன பீர் குடிக்கலாம்? பப்பில் ஒன்று வாங்கினேன், சில்லென்றே இல்லை. பழசைக் கொடுத்துவிட்டார்களோ என்று தோன்றியது.

கிளைட்கரை:

சோடா ஊற்றட்டும் தம்பி. அவர் பாட்டில், அவர் சோடா. முதல் வாய் மட்டும் சோடா இல்லாமல் குடிக்கச் சொல்லுங்கள், போதும். கோலா மட்டும் வேண்டாம், அதற்கு 20 பவுண்டு சரக்கே தாராளம்.

அந்த பீர் பழசு இல்லை. கைப்பம்பை இழுத்து ஊற்றினார்களா? அது காஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடு இருக்கும், நிலவறையில் 12 டிகிரியை ஒட்டி வைத்திருப்பார்கள். நுரை குறைவு, சில்லென்று இருக்காது. அதை ஐஸ் மாதிரி ஆக்கினால் ருசி செத்துவிடும். வந்த புதிதில் நானும் கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்தான்.

ஐபிஏ பிடிக்கும் என்பதால் ஃபைன் ஏல்ஸ் ஆலையின் யார்ல் பீரை எங்கே பார்த்தாலும் வாங்குங்கள். லாக் ஃபைன் என்கிற கடற்கழியின் தலைப்பில் ஒரு பண்ணையில் காய்ச்சுகிறார்கள். 3.8 சதவீதம்தான், ஆனால் சிட்ரா என்கிற ஹாப்ஸ் வாசம் தூக்கும், எலுமிச்சையும் லிச்சியும் பிசைந்த மாதிரி. கேனில் ஐபிஏ வாங்கினால் அடியில் அடைத்த தேதியைப் பாருங்கள். விஸ்கிக்கு வயது பெருமை, ஐபிஏவுக்கு வயது நோய். மூன்று மாதம் தாண்டினால் வாசம் இறங்க ஆரம்பித்துவிடும். பச்சை பாட்டிலில் வருவதை வெளிச்சத்தில் வைத்திருந்தால் தொடாதீர்கள், ஹாப்ஸில் வெயில் பட்டால் ஒரு நாற்றம் வரும். நம்ம ஊரில் அதைத்தான் பீர் வாசம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹார்வீஸ்டவுனின் ஓலா டூ கிடைத்தால் விடாதீர்கள். ஹைலேண்ட் பார்க் விஸ்கி இருந்த பீப்பாயில் ஊறிய கறுப்பு பீர். கருப்பட்டிக் காபியில் கொஞ்சம் புகை போட்ட மாதிரி இருக்கும். உங்களை பீரிலிருந்து விஸ்கிக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகும்.

இன்னொன்று, பழைய பப்களில் பெரியவர்கள் "ஹாஃப் அன் அ ஹாஃப்" என்று கேட்பார்கள். அரை பைன்ட் பீரும் பக்கத்தில் ஒரு சின்ன விஸ்கியும் வரும். ஒன்றில் ஒரு வாய், மற்றதில் ஒரு வாய். இரண்டையும் கலக்கக் கூடாது. என் பழைய டிப்போ மேஸ்திரி ஓய்வு பெற்ற அன்று இதைத்தான் வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அந்த ஒன்றையே முடித்தார் மனுஷன்.

அல்சூர் அரவிந்த்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பெங்களூரில் மூன்று வருடம் இருந்துவிட்டு அம்ருத்தைத் தொடவில்லையா? அந்த சிங்கிள் மால்ட்டை 2004இல் முதன்முதலில் வெளியிட்டதே உங்கள் கிளாஸ்கோவில்தான். அவர்களுடைய ஃப்யூஷனில் நம் நாட்டு பார்லியும் ஸ்காட்லாந்தின் புகை போட்ட பார்லியும் கலந்திருக்கும். இங்கே பெங்களூரில் உஷ்ணம் அதிகம், வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஆவியாகிவிடுகிறது. அதனால் நாலைந்து வருடத்திலேயே நிறமும் கனமும் ஏறிவிடும். வயது எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதைத்தான் ஊற்றிக் கொடுப்பேன்.

சுங்கம் பற்றி யாரும் சொல்லவில்லை: ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். பாட்டில் 70 சென்டிலிட்டர், ஆகவே இரண்டு. மூன்று எடுத்தால் 2.1 லிட்டர் ஆகிவிடும், அந்த 100 மில்லிக்காக நிற்க வைப்பார்கள். செக்-இன் பெட்டியில் வேட்டி சட்டைக்கு நடுவில் வையுங்கள்.

மிக்சர் மணி:

நான் 18 என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அந்த ஓமத்திரவம் பாட்டில் கடைசியில் என்ன ஆயிற்று, அதைச் சொல்லுங்கள்.

கிளைட்கரை:

அடுத்த லீவில் நான்தான் குடித்துத் தீர்த்தேன். காலி பாட்டிலில் அத்தை நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறார். அந்த வாசம் போகவே இல்லை என்று இன்னும் திட்டு விழுகிறது.

செங்கல்பட்டான்:

ஊரிலிருந்து எழுதுகிறேன், விசேஷம் முடிந்தது. பாட் ஸ்டில் போய் மூன்று ருசி பார்த்தேன், மறு வாரம் பஸ் பிடித்து வடிசாலைக்கே போய் கிளென்கோயின் 12 வாங்கினேன். அந்த ரோட்டை இரண்டு தடவை தாண்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சித்தப்பா முதல் வாய் சும்மா குடித்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. பயந்துவிட்டேன். அப்புறம் சோடாவை எடுத்தார், மூடியைத் திறக்காமலே திரும்ப வைத்தார். சித்திக்கு விஷயம் மறுநாளே தெரிந்துவிட்டது. கிளாஸை மோந்து பார்த்து, "கேக் வாசமா இருக்கு, பாவி மனுஷன்" என்றதோடு முடித்துக்கொண்டார். பாட்டில் வந்த அட்டைப்பெட்டி இப்போது பூஜை அறையில் இருக்கிறது. ஊதுபத்தி போட்டு வைக்க அளவு சரியாக இருக்கிறதாம்.